கெட்டிமேளம் கொட்டும்போது ஃபோகஸ் எங்கே போகிறது? கல்யாணப் படங்களில் வரும் குறைகளும் சரிசெய்யும் வழிகளும்

மண்டபத்தில் என்னோடு இரண்டாவது கேமரா பிடிக்க வரும் தம்பி தங்கைகள், மறுநாள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, இது ஏன் இப்படி வந்திருக்கு?" அந்தக் கேள்வி வரும் வரிசையிலேயே இதை எழுதியிருக்கிறேன். உங்கள் படத்தில் என்ன குறை தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். கேமரா பழசு, லென்ஸ் சரியில்லை என்ற முடிவுக்குக் கடைசியில் வாருங்கள். நான் பார்த்த வரையில் பாதிக்கு மேற்பட்ட குறைகள், நாம் எங்கே நின்றோம், எத்தனை நிமிடம் முன்னால் அங்கே போனோம் என்பதில்தான் முடிகின்றன.

தாலி கட்டும் படத்தில் முகம் மங்கல், அட்சதை மட்டும் பளிச்

இதிலிருந்து தொடங்குகிறேன். மாலை மாற்றுவதைக் கேட்டு இன்னொரு முறை மாற்றச் சொல்லலாம். ரிசப்ஷன் படத்தை அரை மணி கழித்துக்கூட எடுக்கலாம். தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியாது.

முதலில் படத்தை நூறு சதவீதம் பெரிதாக்கி, எது தெளிவாக இருக்கிறது என்று பாருங்கள். காரணம் அங்கேயே இருக்கும்.

முன்னால் விழும் அட்சதையோ, யாரோ நீட்டிய செல்போனோ தெளிவாக இருந்தால், ஃபோகஸ் பகுதியைக் கேமராவின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறீர்கள். பரந்த பகுதியைக் கொடுத்தால் அது பெரும்பாலும் பக்கத்தில் இருப்பதையே பிடிக்கும். ஒற்றைச் சிறு புள்ளிக்கு மாற்றுங்கள். முகம் கண்டுபிடிக்கும் வசதியுள்ள மிரர்லெஸ் கேமராவிலும் கவனம் தேவை. குனிந்திருக்கும் பெண்ணை விட்டுவிட்டு, பின்னால் விளக்குப் பிடித்து நிற்கும் நாத்தனார் முகத்துக்கு அது தாவிவிடும். இதற்கு நான் கண்ட நல்ல வழி, ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்துப் பின்பக்கப் பட்டனுக்குக் கொடுப்பது. பெண் முகத்தில் ஃபோகஸ் வைத்து, கட்டைவிரலை எடுத்துவிடுங்கள். அதன் பிறகு எவ்வளவு அட்சதை விழுந்தாலும் கேமரா அசையாது. உட்கார்ந்திருப்பவர்கள் அந்த அரை நிமிடத்தில் எங்கும் போகப் போவதில்லை.

எதுவுமே தெளிவாக இல்லாமல் எல்லாம் ஒரே பக்கம் இழுத்தது போல இருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. முடிச்சுப் போடும் விரல்கள் வேகமாக ஓடும். 1/200 நொடிக்குக் கீழே இறங்காதீர்கள். ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்வு, 3200, 6400 என்று ஏறட்டும். கொஞ்சம் புள்ளி தெரிகிற படத்தை ஆல்பத்தில் வைக்கலாம், ஆடிப்போன படத்தை வைக்க முடியாது.

பெண் முகம் தெளிவு, மாப்பிள்ளை முகம் மங்கல் என்றால் காரணம் அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் வாய் திறந்திருக்கும் அளவு. அதை எஃப் எண்ணில் சொல்வோம். முழுச் சட்டக் (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 85 எம்எம் லென்ஸை எஃப் 1.8இல் வைத்து மூன்று மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தமே 13 சென்டிமீட்டர்தான். பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோயிருக்கும் மாப்பிள்ளையின் முகம் அந்த 13 சென்டிமீட்டருக்குள் வராது. எஃப் 4 வைத்தால் 30, எஃப் 5.6 வைத்தால் 40 சென்டிமீட்டருக்கு மேல் கிடைக்கும். பின்னணி மங்கலாக அழகாக வர வேண்டும் என்ற ஆசையை ஊஞ்சலுக்கும் நலங்குக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொஞ்சம் படம் வந்து, பிறகு கேமரா நின்றுவிட்டது என்றால் பஃபர், அதாவது படங்கள் கார்டுக்குப் போகும் முன் தங்கும் இடம், நிறைந்திருக்கிறது. கெட்டிமேளம் கேட்டதும் பட்டனை அழுத்தியபடியே இருந்திருப்பீர்கள். மூன்று நான்கு படமாக விட்டு விட்டு எடுங்கள். கார்டின் மேல் எழுதியிருக்கும் பெரிய எண் பெரும்பாலும் படிக்கும் வேகம். நமக்கு வேண்டியது எழுதும் வேகம், அதைப் பார்த்து வாங்குங்கள்.

எல்லாம் தெளிவு, ஆனால் தெரிவது பெரிய மாமாவின் முதுகு மட்டும் என்றால்? அதிகம் நடப்பது இதுதான். இதற்கு எந்த மெனுவிலும் மருந்து இல்லை.

கெட்டிமேளம் காதில் விழுந்த பிறகு நகர்ந்தால் தாமதம். புரோகிதர் கையை உயர்த்தி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றதும் தவில்காரர் அடிக்கத் தொடங்குவார், சொந்தங்கள் எல்லோரும் எழுந்து கை ஓங்குவார்கள், மூன்றாவது முடிச்சு விழுந்துவிடும். நமக்கு உண்மையான கடிகாரம் அந்தத் தட்டு. தேங்காய் மேல் தாலியை வைத்து, அட்சதையோடு பெரியவர்கள் தொட்டுக் கும்பிட அது சபையைச் சுற்றி வரும். தட்டு மேடையை விட்டு இறங்கும்போதே கார்டையும் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள், பாதி மிச்சம் இருந்தாலும் சரி. அது கடைசி வரிசையைத் தாண்டித் திரும்பும்போது நீங்கள் உங்கள் இடத்தில் மண்டியிட்டிருக்க வேண்டும்.

இதை நான் கற்றது ஒரு கல்யாண வீட்டின் நஷ்டத்தில். வேலைக்கு வந்த முதல் வருடம், தட்டு சுற்றி வந்துகொண்டிருந்தபோது கார்டில் நாற்பது படத்துக்கு இடம் இருந்தது. போதும் என்று விட்டுவிட்டேன். கெட்டிமேளத்தில் கார்டு நிறைந்தது. பையில் கை விட்டு அடுத்த கார்டை எடுத்துப் போட்டு நிமிர்ந்தபோது நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார். ஆல்பம் கொடுத்த அன்று பெண்ணின் அப்பா அந்தப் பக்கத்துக்கு வந்ததும், முன்பக்கம் ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. நானேதான் சொன்னேன்.

எங்கே உட்காருவது என்பதை முதல் நாளே கேளுங்கள். பெண் அப்பா மடியில் அமர்ந்திருக்க மாப்பிள்ளை நின்று கட்டும் வழக்கம் உண்டு, இருவரும் அருகருகே அமர்ந்து கட்டும் வழக்கமும் உண்டு. கொங்குப் பக்கம் அருமைக்காரர் என்ற பெரியவர் சடங்குகளை முன்னின்று நடத்துவார், மங்கல வாழ்த்துப் பாட்டு எப்போது வரும் என்று அவரிடமே கேட்கலாம். யார் நடத்தி வைத்தாலும் அவரிடம் போய், "சாமி, தாலி கட்டும்போது நான் இந்தப் பக்கம் கீழே உட்கார்ந்திருப்பேன், உங்களுக்கு இடைஞ்சலா இருக்காதே?" என்று கேட்டு வையுங்கள். கேட்டு வைத்தவருக்கு அவர்களே கூட்டத்தை விலக்கி வழிவிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வீடியோ எடுக்கும் அண்ணனிடமும் பேசிவிடுங்கள்: நான் உட்கார்ந்து, நீங்கள் என் தலைக்கு மேலே. இரண்டாவது கேமரா 24 அல்லது 35 எம்எம் லென்ஸோடு பக்கவாட்டில் ஸ்டூல் மேல் நிற்கட்டும். முன்னால் உட்கார்ந்து எடுப்பவருக்கு யாராவது மறைத்தாலும் அதில் ஒரு படம் நிச்சயம் இருக்கும்.

படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு

கேமரா கெட்டுப்போகவில்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு நூறு முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, 1/500இல் திறந்து மூடும் ஷட்டருக்குத் தெரியும்.

சோதிக்கும் முறை எளிது. அதே இடத்தில் 1/100இல் பத்துப் படம், 1/400இல் பத்துப் படம் எடுங்கள். 1/100இல் எல்லாம் ஒரே வெளிச்சமாக இருந்து, 1/400இல் ஒன்று இருட்டு ஒன்று வெளிச்சம் என்று மாறினால் காரணம் விளக்குதான். ஆட்கள் நின்று போஸ் கொடுக்கும் படங்களுக்கு 1/100 அல்லது 1/50 வையுங்கள். வேகம் தேவைப்பட்டால் கேமராவில் ஃபிளிக்கர் (விளக்கின் மினுக்கல்) குறைக்கும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 2014இல் கேனன் 7டி மார்க் 2இல் வந்த பிறகு பல கேமராக்களில் இது இருக்கிறது. பத்து விளக்கில் இரண்டு மட்டும் மின்னினால், உங்கள் ஃபிளாஷே போதும், அதை அமுக்கிவிடும்.

சத்தமில்லாமல் எடுக்க எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாற்றியிருந்தால் முதலில் மெக்கானிக்கலுக்குத் திரும்புங்கள். எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. பல கேமராக்களில் அது மெதுவாக நடப்பதால் ஒரு படத்துக்குள்ளேயே நான்கைந்து பட்டை விழும்.

மேடைக்குப் பின்னால் எல்இடி வால் (எல்இடி திரைச்சுவர்) வைக்கும் வழக்கம் பெருகிவிட்டது. அது மின்னும் கணக்கு வேறு, நொடிக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும். 50 ஹெர்ட்ஸ் சூத்திரம் அங்கே உதவாது. ஷட்டரைக் குறைத்துக்கொண்டே வந்து கோடு மறையும் இடத்தில் நிறுத்துங்கள். பெரும்பாலும் 1/125க்குக் கீழே அடங்கிவிடும். மண்டபத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் இதைச் செய்துவிடுங்கள்.

படத்தின் அடிப்பாதி கறுப்பு

ஃபிளாஷ் போட்டிருக்கும்போது மட்டும் வந்தால் சிங்க் வேகத்தை, அதாவது ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச ஷட்டர் வேகத்தை, தாண்டிவிட்டீர்கள். உங்கள் கேமராவுக்கு 1/200 அல்லது 1/250 என்று இருக்கும். கம்பியில்லா ட்ரிக்கர் மூலம் எரியும் ஃபிளாஷுக்கு இன்னும் ஒரு படி இறங்கி 1/160 வைத்தால் நிம்மதி.

முகம் பாதி மஞ்சள், பாதி ஊதா

ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு) ஆட்டோவில் விட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறும். ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வினில் ஓர் எண்ணை நிறுத்தி வையுங்கள். மஞ்சள் விளக்கு மண்டபத்தில் 3200க்கு அருகில், வெள்ளை எல்இடியில் 5000 முதல் 5600 வரை. அப்போது எல்லாப் படமும் ஒரே அளவில் தவறாக இருந்தாலும் எடிட்டிங்கில் ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் திருத்திவிடலாம். ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) எடுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என நினைக்கிறேன்.

இரண்டு நிற விளக்குகள் கலந்தால் எந்த எண்ணும் முழுதாகப் பொருந்தாது. மண்டப விளக்கு மஞ்சளாக இருந்து உங்கள் ஃபிளாஷ் வெள்ளையாக இருந்தால், ஃபிளாஷ் முகத்தில் ஆரஞ்சு ஜெல் தாளை (நிறமுள்ள கண்ணாடித்தாள்) ஒட்டி, இரண்டையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்து, கெல்வினை 3200க்கு அருகில் வையுங்கள்.

மேடை ஓரத்தில் நிற்கும் பார் லைட் என்ற கலர் விளக்கு ஊதாவும் பச்சையும் அடித்தால் ஜெல்லும் பயன்படாது. ஊதா வெளிச்சம் விழுந்த கன்னத்தில் தோலின் நிறமே பதிவாவதில்லை. பதிவாகாததை எடிட்டிங்கில் கொண்டுவர முடியாது. இதற்கு ஒரே மருந்து, லைட்டிங் அண்ணனிடம் முந்தின நாள் இரவே பேசுவது. "அண்ணே, முகூர்த்தம் முடியற வரைக்கும் அந்தக் கலர் பார் லைட்டை மட்டும் நிறுத்தி, வார்ம் வெள்ளையில வைங்க. ரிசப்ஷனுக்கு உங்க இஷ்டம்." பெரும்பாலானவர்கள் சரி என்றுதான் சொல்வார்கள். சில இடங்களில் வீட்டுக்காரரையும் கூட அழைத்துப் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும்.

கூறைப்புடவை சிவப்பு ஒரே திட்டாக, நெசவே தெரியவில்லை

இந்தக் குறையை அதிகம் பேர் குறையாகவே பார்ப்பதில்லை. நான் விடமாட்டேன். காஞ்சிபுரத்துக்குப் போய் ஒரு முழு நாள் உட்கார்ந்து, ஐம்பது புடவையை விரித்துப் பார்த்து அம்மாவும் பெண்ணும் எடுத்த அரக்குப் புடவை அது. உடலில் மயில்கண் கட்டம், கரையில் கோபுரம், கோபுரத்தின் நுனியில் சரிகை. படத்தில் பார்த்தால் சிவப்புத் தாளைக் கத்தரித்து ஒட்டியது போல ஒரு பரப்பு. "இது நம்ம புடவை நிறமே இல்லையே" என்று அந்த அம்மா சொன்னால், அவர் சொல்வதுதான் சரி.

காரணம் இதுதான். சென்சார் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக அளக்கிறது. அரக்குப் பட்டின் மேல் மஞ்சள் விளக்கு விழும்போது சிவப்பு மட்டும் உச்சத்தைத் தொட்டு நிரம்பிவிடும். மற்ற இரண்டும் பாதியில் நிற்கும். கேமராத் திரையில் நீங்கள் பார்க்கும் வெள்ளை ஹிஸ்டோகிராம் (வெளிச்ச வரைபடம்) பெரும்பாலும் பச்சையின் பேச்சையே கேட்கும். அது நலமாக இருக்கிறது என்று சொல்லும்போது சிவப்பு எப்போதோ வெடித்திருக்கும்.

எனவே மெனுவில் போய் மூன்று நிற ஹிஸ்டோகிராமைத் திறந்து வையுங்கள். சிவப்பு மலை வலது சுவரில் முட்டி நின்றால், முட்டாத நிலை வரும் வரை எக்ஸ்போஷரைக் (பதியும் வெளிச்சத்தை) குறையுங்கள். ஒரு ஸ்டாப் குறைப்பது என்றால் வெளிச்சத்தைப் பாதியாக்குவது. என் அனுபவத்தில் மூன்றில் இரண்டு ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைத்தால் போதும். இன்னொன்று: ரா எடுத்தாலும் அந்த ஹிஸ்டோகிராம் கேமரா உருவாக்கும் ஜேபெக்கிலிருந்துதான் வருகிறது. பிக்சர் ஸ்டைல் விவிட் என்று இருந்தால் இல்லாத வெடிப்பையும் காட்டி உங்களைப் பயமுறுத்தும். நியூட்ரலில் வையுங்கள்.

எடுத்து முடித்துவிட்டீர்கள், படம் இப்படித்தான் இருக்கிறது என்றால், எடிட்டிங்கில் முதலில் கேமரா புரொஃபைலை நியூட்ரலுக்கு மாற்றுங்கள். பாதி நெசவு அப்போதே திரும்பிவிடும். பிறகு சிவப்பின் சாச்சுரேஷனைக் (நிற அடர்த்தியை) கொஞ்சம் குறைத்து, சிவப்பின் லூமினன்ஸை (வெளிச்சத்தை) மெல்ல ஏற்றி இறக்கிப் பாருங்கள். மொத்தப் படத்தின் சாச்சுரேஷனைத் தொடாதீர்கள், முகம் சாம்பலாகிவிடும். ஒரு நாள் பெண் வீட்டில் அந்தப் புடவையை வாங்கி ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் விரித்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அடுத்த கல்யாணத்தில் மேக்கப் அறையில் காத்திருக்கும் நேரத்திலேயே இதைச் செய்யலாம், ஐந்து நிமிட வேலை.

ஒரு படத்தில் மாப்பிள்ளை கறுத்து, அடுத்த படத்தில் வெளிறி

வெள்ளை வேட்டி சட்டை சட்டகத்தில் அதிகம் வந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்த்து எக்ஸ்போஷரைக் குறைக்கும். அரக்குப் புடவையும் இருண்ட பின்னணியும் அதிகம் வந்தால் கூட்டும். மேடை வெளிச்சம் மாறுவதில்லை. எனவே மேனுவலில் போட்டு, முகத்துக்குச் சரியாக வைத்து, அப்படியே விட்டுவிடுங்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முகம் இருட்டாக வந்ததைச் சரிசெய்வது வேறு, கறுப்பான முகத்தை வெள்ளையாக்குவது வேறு. முதலாவது நம் வேலை. இரண்டாவதைச் செய்யாதீர்கள், யார் கேட்டாலும். மாநிறமும் கறுப்பும் அழகாக விழ நல்ல வெளிச்சம் வேண்டும். பக்கவாட்டிலிருந்து பெரிய, மென்மையான ஒளி வந்தால் கன்னத்தில் ஒரு மெல்லிய பளபளப்பு ஓடும், முகத்தின் வடிவம் எழும்பி நிற்கும். அதை எடுத்துக் காட்டினால் வெள்ளையாக்கித் தரச் சொன்ன வீட்டாரே அந்தப் பேச்சை விட்டுவிடுகிறார்கள். நெற்றியில் எண்ணெயும் வியர்வையும் ஃபிளாஷில் மின்னினால் எடிட்டிங்கை நம்பாமல், ஒரு டிஷ்யூ தாளைக் கையில் கொடுங்கள்.

ஃபிளாஷ் படத்தில் முகம் தட்டை, பின்னால் குகை இருட்டு

தூரம் இரண்டு மடங்கானால் ஃபிளாஷ் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். இரண்டு மீட்டரில் நிற்கும் பெண்ணுக்குச் சரியாக இருப்பது, ஃபிளாஷிலிருந்து எட்டு மீட்டரில் இருக்கும் அலங்காரத்துக்குப் பதினாறில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். எனவே பின்னணியை மண்டப விளக்கே காட்ட வேண்டும். ஷட்டரை 1/80க்கு இறக்கி, ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றி, ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பின்னணி ஓரளவு தெரிந்த பிறகு ஃபிளாஷைச் சேருங்கள்.

கூரையில் அடித்துத் திருப்பும் வித்தை வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் பொருந்தும். பெரிய மண்டபத்தில் கூரை எங்கேயோ உயரத்தில் இருக்கும், தங்க நிறத்தில் ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் முகமும் தங்கமாகிவிடும். அங்கே ஒரு குடை, ஸ்டாண்ட், ட்ரிக்கர், பிடித்துக்கொள்ள ஒரு தம்பி.

ஹோமப் புகைக்கு நடுவில் கேமராவின் மேலிருந்து நேராக ஃபிளாஷ் அடித்தால் வெள்ளைத் திரை விழும். ஃபிளாஷைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் அணைத்துவிட்டு நெருப்பின் வெளிச்சத்தோடு எடுங்கள். பெரும்பாலும் அதுவே அழகு.

ஒன்று விட்டு ஒரு படம் இருட்டாக வந்தால் ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஆக நேரம் எடுத்துக்கொள்கிறது. முழுச் சக்தியில் அடிக்காமல் ஐஎஸ்ஓவை இரண்டு படி ஏற்றி, நான்கில் ஒரு பங்குக்கு இறக்குங்கள். சாதாரண அல்கலைன் பேட்டரியை விட, திரும்பச் சார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி வேகமாகத் தயாராகும்.

குரூப் போட்டோவில் பின்வரிசை மங்கல்

50 எம்எம் லென்ஸில் நான்கு மீட்டரிலிருந்து எஃப் 2.8 வைத்தால், ஃபோகஸ் வைத்த இடத்துக்குப் பின்னால் அரை மீட்டருக்குச் சற்று மேல்தான் தெளிவு. எஃப் 5.6 வைத்தால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். மூன்று வரிசை என்றால் 5.6க்குக் குறையாதீர்கள். இரண்டாவது வரிசையில் இருப்பவர் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள்.

ஓரத்தில் நிற்கும் அத்தை பருத்துத் தெரிந்தால் 24 எம்எம்மில் நெருங்கி எடுத்திருக்கிறீர்கள். பின்னால் போய் 35 அல்லது 50. இடம் இல்லையென்றால் ஒல்லியான பையன்களை ஓரத்துக்கு அனுப்புங்கள். கண்ணாடியில் ஃபிளாஷ் மின்னினால் ஃபிளாஷை உயர்த்திப் பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள், இல்லையென்றால் கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேல் ஒரு நூல் தூக்கச் சொல்லுங்கள், முகப்புக் கண்ணாடி கீழ்நோக்கிச் சாயும். கண் மூடாமல் இருக்க நான்கு படம் எடுங்கள். பத்துப் பேருக்கு மேல் என்றால் ஆறு.

லென்ஸ் முழுக்க பனி மூடியது போல

மணப்பெண் அறையில் ஏசி, வெளியே சென்னைக் காற்று. குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படிகிறது. துடைக்காதீர்கள், மறுபடி படியும். பையின் ஜிப்பை மூடி, கேமராவை உள்ளேயே வைத்து வெளியே கொண்டுவந்து இருபது நிமிடம் விடுங்கள். லென்ஸைக் கழற்றவே கூடாது, ஈரம் சென்சாருக்குப் போகும். மாப்பிள்ளை அழைப்புக்கு வெளியே ஓட வேண்டும் என்று தெரிந்தால் ஒரு கேமராவை ஏசி அறைக்குள் கொண்டுபோகாமல் ஹாலிலேயே வையுங்கள். மழைக்காலத்தில் லென்ஸைத் தோல்பையில் மூடி வைத்தால் பூஞ்சை வரும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும்.

கார்டைப் படிக்க மாட்டேன் என்கிறது

உடனே நிறுத்துங்கள். அந்தக் கார்டில் இன்னொரு படம் எடுக்காதீர்கள். கம்ப்யூட்டர் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் வேறு ரீடரில் போட்டுப் பாருங்கள். எத்தனையோ முறை கார்டு நலமாக இருந்து ரீடர்தான் போயிருக்கிறது. அப்படியும் திறக்கவில்லை என்றால் போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மீட்கும் படங்களை அதே கார்டில் எழுதாமல் வேறு டிஸ்க்கில் எழுதச் சொல்லுங்கள். தவறுதலாக ஃபார்மட் செய்த கார்டிலும், மேலே எதுவும் எழுதாமல் இருந்தால் படங்கள் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

இரண்டு கார்டு போடும் கேமரா இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுத வையுங்கள். இரண்டாவது கார்டை ஓவர்ஃபுளோவுக்கு, அதாவது முதல் கார்டு நிறைந்த பிறகு மட்டும் எழுத, வைப்பவர்களைப் பார்க்கிறேன். கல்யாணத்துக்கு அது கூடாது. வீட்டுக்கு வந்ததும் தூங்குவதற்கு முன் இரண்டு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள்.

நகல் எடுக்கும்போது "இதே பெயரில் ஃபைல் இருக்கிறது, மாற்றவா?" என்று கேட்டால் கையை எடுங்கள். ஃபைல் எண் 9999க்குப் பிறகு மறுபடி 0001 என்று தொடங்கும். நேற்றைய நலங்குப் படத்தின் மேல் இன்றைய ரிசப்ஷன் படம் உட்கார்ந்துவிடும். கார்டுக்கு ஒரு ஃபோல்டர், கேமராவுக்கு ஒரு முன்னெழுத்து.

தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை அழைப்பு வருகிறது

படங்களை நேரப்படி வரிசைப்படுத்தினால் இப்படி வந்தால் இரண்டு கேமராவின் கடிகாரமும் வேறு வேறு. லைட்ரூமில் ஒரு கேமராவின் படங்களை மட்டும் தேர்ந்து நேரத்தை நகர்த்தலாம். இரண்டு கேமராவிலும் பதிவான ஒரே நொடியைத் தேடுங்கள். முதல் அட்சதை கையை விட்டுக் கிளம்பும் படம் இதற்கு நன்றாக உதவும். இனிமேல் மண்டபத்துக்குள் நுழைந்ததும் எல்லாக் கேமராவாலும் ஒரே செல்போனின் கடிகாரத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

திரையில் நன்றாக இருந்தது, ஆல்பத்தில் இருட்டு

லேப்டாப் வெளிச்சத்தை முழுதாக வைத்து எடிட் செய்திருக்கிறீர்கள். வெள்ளைத் தாளை அருகில் பிடித்து, திரையின் வெள்ளை அந்தத் தாளின் அளவுக்கு இறங்கும்வரை குறையுங்கள். ஆல்பம் அச்சிடும் லேபுக்கு எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் அனுப்புங்கள், அடோபி ஆர்ஜிபி என்ற அமைப்பில் போனால் பல இடங்களில் சோகையாக வரும். ஆல்பம் முழுதையும் கொடுக்கும் முன் ஒரே ஒரு பக்கத்தை அச்செடுத்துப் பாருங்கள்.

ஆல்பத்தின் இரண்டு பக்கமும் சேர்ந்த 12க்கு 36 அங்குல விரிப்பில் ஒரே படத்தைப் போட்டால், 24 மெகாபிக்சல் கேமராவின் 6000 புள்ளி அகலம் அங்குலத்துக்கு ஏறக்குறைய 167 புள்ளியாக விரியும். கொஞ்சம் தள்ளிப் பார்க்கும் படத்துக்கு அது போதும். நடுமடிப்பில் யார் முகமும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூவாயிரம் படம் இருக்கிறது, அப்பத்தா படம் இல்லை

கேமரா மெனுவில் தேடிப் பயனில்லாத குறை இது. நாம் கேண்டிட், டிரெடிஷனல் என்று வேலையைப் பிரித்துக்கொள்கிறோம். கேண்டிட் எடுப்பவர் பெண்ணையும் தோழிகளையும் சுற்றி வருகிறார். டிரெடிஷனல் எடுப்பவர் மேடைக்கு வருபவர்களை எடுக்கிறார். மேடை ஏற முடியாதவர்கள் இருவருக்கும் நடுவில் விடுபட்டுப் போகிறார்கள்.

முந்தின நாளே குடும்பத்தில் எல்லோரையும் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள். பெரும்பாலும் அது ஒரு சித்தப்பாவாகவோ பெரியம்மாவாகவோ இருக்கும். மணமக்களின் அப்பா அம்மாவிடம் கேட்காதீர்கள், அவர்களுக்கு அன்றைக்கு நேரம் இருக்காது. "மேடைக்கு வர முடியாத பெரியவங்க யார் யார் இருக்காங்க? எங்கே உட்கார்ந்திருப்பாங்க?" என்று கேட்டு, ஒரு தாளில் உறவுமுறையோடு எழுதி வாங்குங்கள். தாய்மாமன் யார், சீர் கொண்டுவருபவர் யார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முகம் தெரியாவிட்டால் அவரையே கூட நடந்து காட்டச் சொல்லுங்கள்.

பிறகு முகூர்த்தம் முடிந்து, கூட்டம் பந்திக்குப் போகும் அந்தப் பத்து நிமிடம் இருக்கிறதே, அதை அவர்களுக்குக் கொடுங்கள். மணமக்களை மேடையிலிருந்து இறக்கி, முன்வரிசை ஓரத்தில் சக்கர நாற்காலியில் இருக்கும் அப்பத்தாவிடம் அழைத்துப் போங்கள். வீடியோ லைட்டை அணைக்கச் சொல்லுங்கள், அவர் கண் கூசும். 50 எம்எம், எஃப் 2.8, ஜன்னல் வெளிச்சம் வரும் பக்கம். பெண் மண்டியிட்டதும் அவர் கை முதலில் போவது கன்னத்துக்கு இல்லை, புதுத் தாலிச் சரடுக்கு. மஞ்சள் இன்னும் ஈரமாக இருக்கும், விரலில் ஒட்டும். அந்த விரலில் ஃபோகஸ் வையுங்கள்.